அப்பா கலக்கிய ஓடை

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடைக்குள் இறங்கினார்.

முழங்கால் அளவுத் தண்ணீர்தான். ஆனால் நீலகிரி மலைத் தண்ணீர். விரல் வைத்தாலே எலும்பு வரைக்கும் வலிக்கும். தலையில் துண்டு முண்டாசு, உடம்பில் என் கணவருடைய பழைய ஸ்வெட்டர். அது அப்பாவுக்கு இடுப்புக்கு மேலேயே நின்றுவிட்டது.

கொஞ்சம் கீழே, ஓடை வளைகிற இடத்தில், என் கணவர் ஸ்டீபன் மூங்கில் விளாறு போன்ற ஒரு நீளத் தூண்டிலோடு நின்றிருந்தார். அவர் பக்கத்தில் அவருடைய மேனேஜர். காலையிலிருந்து அந்த இடத்தில் யாரும் இருமக்கூட இல்லை. பாறைக்கு அடியில் ஒரு பெரிய டிரவுட் மீன் இருக்கிறது, அது மிரண்டுவிடக் கூடாது என்று மேனேஜர் உத்தரவு.

அப்பா திரும்பி என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். அவர் என்ன செய்யப் போகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. கரையில் இருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் புரிந்தது. "அப்பா, வேண்டாம்" என்று கத்தியிருக்கலாம். இடுப்பில் குழந்தை, வாயில் கொழுக்கட்டை.

மானம் கப்பலேறுவதற்கு முன்னால் கொஞ்சம் பழைய கதை சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் ஒரு கிழவர் ஏன் அந்தக் குளிரில் தண்ணீரில் இறங்கினார் என்பது உங்களுக்கு விளங்காது.

நான்தான் தபால்காரி

என் கல்யாணக் கதையை இந்தத் தொடரில் ஏற்கெனவே எழுதிவிட்டேன். படிக்காதவர்களுக்கு இரண்டே வரி. நான் கோவிலம்பாக்கத்தில் பயிர் வைத்த குடும்பத்துப் பெண். ஸ்டீபன் தாம்பரம் பக்கத்து ஊர்க்காரர், கம்பவுண்டர் மகன். சாமியும் வேறு, சாதியும் வேறு. ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு சேலையூரில் ஒரு சின்ன வீட்டில் குடியேறினோம்.

அப்பா வெட்டுகிறேன் குத்துகிறேன் என்று கிளம்பவில்லை. அவர் அந்த மாதிரி ஆள் இல்லை. பேச்சை நிறுத்திவிட்டார், அவ்வளவுதான்.

குழந்தை பிறந்த பிறகு ஒரு நாள் வந்து நின்றார். கையில் ஒரு கட்டு முருங்கைக்காய், பையில் நாட்டுக்கோழி முட்டை. வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். நான் அடுப்படிக்குள் போய் ஒரு பாட்டம் அழுதுவிட்டு வந்தேன்.

அதிலிருந்து மாதம் ஒரு தடவையாவது வருவார். என்னோடு பேசுவார், குழந்தையோடு பேசுவார். ஸ்டீபனோடு மட்டும் பேச மாட்டார். மனுஷர் எதிரில்தான் உட்கார்ந்திருப்பார், கை நீட்டினால் எட்டும். அப்பா மடியில் இருக்கிற குழந்தையைப் பார்த்து, "பாப்பா, உங்கப்பாவ சாப்ட சொல்லு. சோறு ஆறிகினு கீது பாரு" என்பார்.

ஸ்டீபனும் சளைத்தவர் இல்லை. "ஜெனி, தாத்தாவ முதல்ல சாப்பிடச் சொல்லு" என்பார்.

எங்கள் ஜெனிக்கு அப்போது 'ம்மா' தவிர வேறு பேச்சு வராது. அவள் தூங்கிவிட்டால் அந்த வேலை எனக்கு. "அப்பா கேக்கறாரு, வேலை எப்படிப் போகுதாம்?" "நல்லாப் போகுதாம்ப்பா." ஒரே அறையில் நான் தபால்காரி உத்தியோகம் பார்த்தேன். தெருவில் யாராவது பார்த்தால் சிரிப்பார்கள் என்று ஜன்னலைச் சாத்தி வைப்பேன்.

என் அக்கா வீட்டுக்காரர் வந்தால் கதை வேறு. தெருமுனையில் அவர் சைக்கிள் திரும்பும்போதே, "வாங்க மாப்ள!" என்று அப்பாவின் குரல் கேட்கும். அந்த ஒரு வார்த்தையை ஸ்டீபனைப் பார்த்து அவர் சொல்ல வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. வேளாங்கண்ணிக்கும் வேண்டிக்கொண்டேன், எங்கள் ஊர் அம்மனுக்கும் வேண்டிக்கொண்டேன்.

ஏரி கலக்கும் நாள்

வெயில் காலத்தில் எங்கள் ஊர் ஏரி வற்றி நடுவில் குட்டையாக நிற்கும். அப்போது ஒரு நாள் குறித்து ஊரே இறங்கி மீன் பிடிப்போம். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. வரிசையாக இறங்கி அடிச்சேற்றைக் காலால் கலக்க வேண்டும். சேறு எழும்பினால் மீனுக்கு மூச்சு முட்டும், மேலே வந்து வாயைத் திறக்கும். அப்படியே கையால் அள்ள வேண்டியதுதான். குரவை, கெளுத்தி, அதிர்ஷ்டம் இருந்தால் விரால். அந்தச் சேற்று நாற்றம் ஒரு வாரத்துக்குத் தலைமுடியை விட்டுப் போகாது.

இதில் எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பெண் கொடுத்த மாமனார்தான் கலக்குவார். மாப்பிள்ளை எதிரில் நிற்பார். கலக்கிக் கலக்கி மீனை மாப்பிள்ளை பக்கம் விரட்டி, முதல் மீன் அவர் கையில் விழும்படி செய்ய வேண்டும். வருஷம் பூராவும் வெள்ளை வேட்டியில் நடமாடும் மாமனார் அன்றைக்குக் கழுத்து வரைக்கும் சேறு பூசிக்கொண்டு நிற்பார். மாப்பிள்ளைக்கு அதுதான் மரியாதை. கலக்காத மாமனாரை ஊர் பேசும்.

அக்கா வீட்டுக்காரருக்காக அப்பா ஒவ்வொரு வருஷமும் கலக்கினார். அந்த மனுஷர் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். எந்த வேலைக்குக் கூப்பிட்டாலும் காணாமல் போவார், இதற்கு மட்டும் விடியற்காலையிலேயே வந்து நிற்பார்.

ஸ்டீபனை ஒரு வருஷமும் கூப்பிடவில்லை. இந்த வழக்கத்தைக் கல்யாணமான புதிதில் நான்தான் பெருமையாக அவருக்குச் சொல்லித் தொலைத்திருந்தேன். அந்த நாளில் பஸ் ஏரிக்கரையைத் தாண்டும்போது அவர் ஜன்னல் பக்கம் திரும்பவே மாட்டார். நானும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருப்பேன்.

சேவல் கழுத்து இறகு

ஸ்டீபனுக்கு மறைமலை நகரில் வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை. சூப்பர்வைசராகப் போட்டிருந்தார்கள், ஆனால் இன்னும் நிரந்தரமாக்கவில்லை. அங்கே ஒர்க்ஸ் மேனேஜர் ராகவன் சாருக்கு மீன் பைத்தியம். அவர் அப்பா எஸ்டேட்டில் இருந்தவராம். பனி விட்டு டிரவுட் மீன் பிடிக்கிற காலம் ஆரம்பித்தால் மனிதர் லீவு போட்டுவிட்டு நீலகிரி ஏறிவிடுவார்.

இந்த மீனுக்கு மண்புழு போடக் கூடாதாம். இறகையும் நூலையும் கொக்கியில் சுற்றி ஒரு பொய் ஈ செய்து, அது தண்ணீர் மேல் வந்து உட்காருகிற மாதிரி வீச வேண்டுமாம். அந்த ஈயைக் கட்டத்தான் நல்ல கை வேண்டும். ஸ்டீபனுக்கு நூல் பிடித்தாற்போல வேலை செய்கிற கை. ராகவன் சார் ஒரு மாதிரி கொடுத்தார், இவர் அதே மாதிரி செய்து கொடுத்தார். அதற்கு சேவல் கழுத்து இறகு வேண்டியிருந்தது. எங்கள் அப்பா வீட்டில் சேவலுக்கா பஞ்சம்?

"கழுத்து மயிரு எதுக்காம்?" என்று அப்பா கேட்டார். என்னைத்தான் கேட்டார்.

சொன்னேன். அப்பா சிரித்த சிரிப்பில் குழந்தை எழுந்துவிட்டது. "ஈ மாரி செஞ்சி மீன ஏமாத்துறாங்களா? ஏன், அந்த ஊர்ல மண்ணு இல்லியா, புழு இல்லியா?"

சிரித்தாரே தவிர, அடுத்த முறை வரும்போது இரண்டு சேவலின் இறகைப் பக்குவமாகக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தார். ஸ்டீபன் கட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். "பாப்பா, உங்கப்பன் கைகாரன்தான்" என்று குழந்தையிடம் சொன்னார். அது போதாதா எனக்கு? அன்றைக்குப் பாயசம் வைத்தேன்.

அந்த வருஷம் ராகவன் சார் ஸ்டீபனையும் வரச் சொன்னார். "ஃபேமிலியைக் கூட்டிட்டு வா, கம்பெனி கெஸ்ட் ஹவுஸ் இருக்கு" என்றாராம். அப்பா காதுக்கு இது போனது. குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "தாத்தா ஊட்டி பாத்ததே இல்ல. தாத்தாவும் வரட்டான்னு உங்கப்பாவைக் கேளு" என்றார்.

ஸ்டீபன் எழுந்தே நின்றுவிட்டார். "தாராளமா வரச் சொல்லு ஜெனி."

உதட்டில் விரல்

மேட்டுப்பாளையம் வரைக்கும் ரயில். மலைமேல் பஸ்ஸில் எனக்கும் குழந்தைக்கும் குமட்டல். அப்பா எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி முகரக் கொடுத்துக்கொண்டே வந்தார். தைல மர வாசனை, ஈர மண் வாசனை, அதோடு எலுமிச்சை. இப்போதும் எலுமிச்சம்பழத்தைக் கீறினால் அந்தப் பயணம்தான் முதலில் ஞாபகம் வரும்.

மறுநாள் காலை வேறொரு பஸ் பிடித்து ஓடைக்குப் போனோம். ராகவன் சார் தன்னுடைய ஜீப்பில் எங்களுக்கு முன்பே வந்து தண்ணீருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். "சார், இவங்க என்..." என்று ஸ்டீபன் அப்பாவைக் காட்டி ஆரம்பித்தார். ராகவன் சார் உதட்டில் விரல் வைத்துவிட்டார். கையைக் காட்டி எங்களைத் தூரமாக உட்காரச் சொன்னார்.

அறிமுகம் அதோடு நின்றது. நாங்கள் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். அப்பா குந்தி உட்கார்ந்து, துண்டைக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

அழகான வேலைதான், பொய் சொல்லக் கூடாது. கயிறு முன்னும் பின்னும் காற்றில் போய் வரும். கடைசியில் அந்தப் பொய் ஈ சத்தமில்லாமல் தண்ணீரில் இறங்கும். பாறை நிழலில் ஒரு வளையம் எழும்பும், பெரிய மீன் மூக்கைக் காட்டிவிட்டு உள்ளே போய்விடும். காலையெல்லாம் இதுதான் நடந்தது. அப்பா அந்தப் பாறையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அப்புறம் ராகவன் சார் தூண்டிலை ஸ்டீபன் கையில் கொடுத்தார். "நீ கட்டின ஈ. நீயே போடு."

ஸ்டீபனுக்குக் கட்டத்தான் தெரியும், வீசத் தெரியாது. முதல் வீச்சில் கயிறு பின்னாலிருந்த புதரில் மாட்டியது. அடுத்ததில் தன் தொப்பியிலேயே கொக்கி. ராகவன் சார் சிரித்தார். கெட்ட சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஸ்டீபனின் காது சிவந்துவிட்டது. எனக்கும் முகம் எரிந்தது.

அப்பா என் பக்கம் குனிந்து, "பாவம், தடுமாறுது புள்ள" என்றார். துண்டைத் தலையில் இறுக்கினார். எழுந்தார். புதர் மறைவாகவே மேல்பக்கம் நடந்தார்.

"யார்யா இந்த ஆள்?"

இப்போது உங்களுக்கும் புரிந்திருக்கும். அப்பா தன் மாப்பிள்ளைக்காகக் கலக்க இறங்கினார். கோவிலம்பாக்கத்தில் இத்தனை வருஷமாகச் செய்யாததை அந்த ஓடையில் செய்தார்.

ஓரத்தில் கறுப்புச் சேறு தேங்கிக் கிடந்தது. அதில் காலைப் புதைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்தார். கையில் ஒரு கொம்பு, அதைக்கொண்டு பாறை இடுக்கிலும் குத்தினார். "த்தோ வருது! கீழ நில்லுங்க, கீழ நில்லுங்க!" என்று ஏரியில் கத்துகிற அதே குரலில் கத்தினார். யாரைக் கூப்பிடுகிறார் என்று பெயர் சொல்லவில்லை, ஆனால் ஸ்டீபனைப் பார்த்துத்தான் கத்தினார்.

ஏரி மீன் வேறு, இது வேறு. கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர் காபிக் கஷாயம் போல ஓடிவந்தது. அந்தப் பெரிய மீன் ஒரு தரம் வெள்ளி வயிற்றைக் காட்டிவிட்டுக் கீழே பாய்ந்து போயே போய்விட்டது. கூடவே மற்றவையும். குழம்பிய குட்டையில் மீன் பிடிக்கிறவர்கள் உண்டு என்பார்கள். அந்த ஓடையில் அன்றைக்கு ஒருவரும் பிடித்திருக்க முடியாது.

"ஸ்டாப் இட்!" ராகவன் சார் முகம் ரத்தமாகச் சிவந்துவிட்டது. "யார்யா இந்த ஆள்? யார் கூட்டிட்டு வந்தது?"

அப்பா நின்றார். கொம்பைக் கீழே போட்டார். ராகவன் சார் முகத்தையும் ஸ்டீபன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். தப்பு நடந்துவிட்டது, அது மாப்பிள்ளை தலையில் விடியப் போகிறது என்று அவருக்கு விளங்கிவிட்டது. நிரந்தரமாகாத வேலை என்பதும் அவருக்குத் தெரியும்.

முண்டாசை அவிழ்த்தார். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். எங்கள் ஊரில் யார் முன்னாலும் அவர் துண்டை அப்படி இடுக்கி நான் பார்த்ததில்லை.

"நானு சாரோட வந்த ஆளுங்க" என்றார். "மூட்ட தூக்க இட்டாந்தாரு. தெரியாம எறங்கிட்டேன். சார ஒண்ணும் சொல்லாதீங்க."

சார் என்றது ஸ்டீபனை.

அடுத்து எனக்குள் நடந்ததை எழுதத்தான் இத்தனை சுற்றி வந்தேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த மூச்சு வெளியே வந்தது, தோள் தளர்ந்தது. சரி, வேலைக்காரர் என்றே இருக்கட்டும், இன்றைக்கு மானம் தப்பியது என்று மனசு ஒரு கணம் ஆறியது. ஒரே ஒரு கணம்தான். அந்தக் கணத்தில் அப்பா ராகவன் சாரைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை, ஒன்றும் செய்யவில்லை. பெற்ற தகப்பனுக்குப் பெண்ணின் முகத்தைப் படிக்க அதெல்லாம் வேண்டுமா?

"இல்ல சார்." ஸ்டீபன் தூண்டிலைப் புல்லில் வைத்துவிட்டு விறுவிறுவென்று தண்ணீருக்குள் நடந்தார், ஷூவோடு. அப்பாவின் கையைப் பிடித்தார். "இவர் என் மாமனார் சார். என் ஒய்ஃபோட அப்பா. எனக்காகத்தான் இறங்கினார்."

ராகவன் சார் தொப்பியைக் கழற்றினார். "சாரி பெரியவரே. எனக்குத் தெரியாது" என்று பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். "சீசன் இப்பதானே ஆரம்பிச்சிருக்கு, மீன் எங்க போயிடும்?" என்று சிரிக்கவும் பார்த்தார். அப்பா அந்த டீயைக் குடிக்கவில்லை. கையில் பிடித்துக்கொண்டே நின்றார். சேறு கெண்டைக்காலிலிருந்து புல்லில் சொட்டியது. எனக்குத் தரையைத் தவிர வேறெங்கும் பார்க்க முடியவில்லை.

முன் சீட்டும் பின் சீட்டும்

திரும்பும் பஸ்ஸில் அப்பா ஸ்டீபன் பக்கத்தில் உட்கார்ந்தார். தானாகவே போய் உட்கார்ந்தார். நானும் குழந்தையும் பின் சீட்டில். ஸ்டீபன் தன் சால்வையை அவர் தோளில் போட்டுவிட்டார்.

பஸ் கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் அப்பா பேசினார்.

"மாப்ள."

என் காதை நானே நம்பவில்லை. நான்கு வருஷமாக எதற்காக இரண்டு சாமியிடமும் வேண்டினேனோ அது முன் சீட்டில் கேட்டது. குழந்தையை இறுக்கிக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"சொல்லுங்க மாமா" என்றார் ஸ்டீபன். அவர் குரலும் ஒரு மாதிரி இருந்தது.

"கொழந்த மேல காத்து அடிக்குது. அந்தம்மாவ ஜன்னல சாத்த சொல்லுங்க."

எந்த அம்மா என்று சுற்றிலும் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் கைக்குழந்தையோடு வேறு பெண் யாரும் இல்லை.

ஸ்டீபனுக்கு வேலை நிரந்தரமானது. ராகவன் சார் நல்ல மனிதர், அந்தக் கதையை எங்கும் சொல்லவில்லை. அந்தக் கோடையில் அப்பா ஏரிக்கு ஸ்டீபனை வீடு தேடி வந்து கூப்பிட்டார். கழுத்து வரைக்கும் சேற்றில் நின்று கலக்கினார். முதல் மீன் ஸ்டீபன் கையில் விழுந்தது, துடிக்கிற விரால். ஊரே பார்த்தது. கரையில் கூடையோடு நின்ற என் பக்கம் திரும்பாமல், "மாப்ள, அத அவங்ககிட்ட குடுத்துடுங்க" என்றார்.

அப்பாவுக்கு என் மேல் கோபம் இருந்ததாக நான் சொல்ல மாட்டேன். முருங்கைக்காய் வந்துகொண்டுதான் இருந்தது. எனக்குக் குடல்வால் ஆபரேஷன் ஆனபோது வார்டு வாசலிலேயே பழியாகக் கிடந்தார். ஆனால் பேச்சு மட்டும் மாப்பிள்ளை வழியாகத்தான். பிறகு ஏரிக்கரை மண் ரோடு தார் ரோடானது, ஏரிக்குப் பக்கத்திலேயே பிளாட் போட்டார்கள், கலக்குகிற வழக்கமும் நின்றுபோனது. அப்பாவுக்குத் தலை முழுக்க நரைத்தது. இது மட்டும் மாறவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டு முடித்து அப்பாவும் ஸ்டீபனும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குத் தாங்கவில்லை. அப்பா காலடியில் போய் உட்கார்ந்தேன். "அப்பா, அன்னிக்கு அந்த ஓடையில, என் மூஞ்சில நீ என்ன பாத்தியோ அது நெஜந்தாம்பா. என்னை மன்னிச்சிடுப்பா" என்றேன். வருஷக் கணக்காகத் தொண்டையில் நின்றது ஒரே மூச்சில் வந்துவிட்டது.

அப்பா முழுக்கக் கேட்டார். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் பக்கத்து நாற்காலிப் பக்கம் திரும்பினார்.

"மாப்ள, அதெல்லாம் ஒண்ணும் இல்லன்னு சொல்லுங்க."

ஸ்டீபன் அவரையும் என்னையும் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஒண்ணும் இல்லையாம்" என்றார்.